பஸ்ஸில் விட்டுப் போன க்யூ

செம்பாக்கம்,
11.3.2007

ஹேமநாத்துக்கு,

கங்காதரன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கடலில் வீசிவிடாதே. ஒரு பாராவாவது படித்துவிட்டு வீசு.

நம் பில்லியர்ட்ஸ் க்யூ கிடைத்துவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன மாசம் பொழிச்சலூரில் ஒரு வீட்டுக்கு எத்தனை லிட்டர் பெயின்ட் ஆகும் என்று பார்த்துச் சொல்லப் போயிருந்தேன். அப்பாவின் பெயின்ட் கடையில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், உனக்கு அது ஆச்சரியமாக இருக்காது. மொட்டை மாடியில் வீட்டுக்கார அம்மா ஈரப் புடவையை ஒரு கோலில் மாட்டி உயரக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பார்க்கப் போனவன் கோலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சிவப்பு வளையம். உன் தங்கை அஞ்சலிக்குத் தெரியாமல் அவள் நகப்பூச்சை எடுத்து நாம் போட்டது. பாதி உதிர்ந்துவிட்டது. எனக்குப் பாதி போதாதா?

வீட்டுக்காரர் பக்தவச்சலம், ரிட்டயரான பஸ் கண்டக்டர். தாம்பரம் சோழிங்கநல்லூர் ரூட்டில் இருந்தவர். 2001 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் இதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிப் போனானாம். டெப்போவில் ஆறு மாசம் கிடந்ததாம். கேட்டு யாரும் வராததால் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபைனல் நடந்த அன்று பார்லரை விட்டு நீ க்யூவோடு இறங்கிப் போனதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

அவரிடம் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். நடுவில் மரை ஆடுகிறது என்று பஸ் டிக்கெட்டை மடித்து உள்ளே செருகியிருந்தோமே, அதையும் சொன்னேன். திருகிப் பிரித்துப் பார்த்தார், டிக்கெட் அப்படியே இருந்தது. தன் ரூட் டிக்கெட் என்று அவருக்கு ஒரே பெருமை. ஆனால் கோலைத் தரவில்லை.

"தொலைச்சவன் நேர்ல வந்து கேட்டாதான் குடுப்பேன். சர்வீஸ்ல அப்படித்தான் குடுத்துகினு இருந்தேன். அவனாண்ட ஒரு கேள்வி கீது. அதுக்கு அவன்தான் பதில் சொல்ல முடியும்" என்றார். என்ன கேள்வி என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

உன் விலாசம் வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. கேம்ப் ரோட்டில் உங்கள் அம்மாவிடம் மூன்று வாரம் மீன் வாங்கினேன். வீட்டில் நானும் அப்பாவும்தான், அப்பா மீன் சாப்பிடுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. பாப்பா அம்மா எடை போடுவார், பையில் போடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். நாலாவது வாரம் சங்கரா மீனோடு ஒரு துண்டுத் தாளையும் சேர்த்துக் கொடுத்தார். அஞ்சலியின் கையெழுத்தில் உன் விலாசம்.

நாம் நாலு வருஷம் கை மாற்றிக் கை மாற்றி ஆடிய க்யூ, ஹேமநாத். ஜோடி ஆட்டத்தில் ஒரு அடி நீ, ஒரு அடி நான், அதற்கு எதற்கு இரண்டு க்யூ என்று சொன்னவனே நீதான். லீவில் வரும்போது வந்து வாங்கிக்கொள். வேறு எதற்கும் வர வேண்டாம்.

கங்காதரன்

*

ஃபுஜைரா,
6.4.2007

கங்காதரன் சாருக்கு,

கடிதம் வந்தது. எங்கள் போட் மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் கரைக்கு வரும். ஏஜென்ட் ஆபீஸில் தபால் வாங்குவோம். அம்மாவின் கடிதம் என்று நினைத்துப் பிரித்தேன்.

நான் எதையும் தொலைக்கவில்லை. விட்டுவிட்டு இறங்கினேன். கண்டக்டர் "தம்பி, உன் கோலு" என்று கத்தியது நன்றாகக் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் தொலைத்தவன் வந்து கேட்பான் என்று அவர் காத்திருக்க வேண்டாம்.

நீ எழுதிய இரண்டு பக்கத்தில் ஃபைனல் என்ற வார்த்தை ஒரே ஒரு தடவை வருகிறது. நான் எண்ணிப் பார்த்தேன். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

நமக்குக் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. என் முறை. குனிந்தேன், அடித்தேன், விழுந்தது. பார்லர் சம்பந்தம் அண்ணன் கை தட்டிவிட்டார். பெங்களூர் கிளப்பிலிருந்து வந்திருந்த பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "ஃபவுல். சட்டை பட்டுச்சு." எதிர் ஜோடி சொல்லவில்லை. ஸ்கோர் எழுதியவர் சொல்லவில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை. என் ஜோடி சொன்னான்.

நம் பார்லர் வழக்கம் உனக்குத் தெரியும். சட்டை நுனி பந்தில் பட்டாலும் ஃபவுல், பட்டவன் தானே சொல்ல வேண்டும். அவனுடைய ஜோடியே சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கறுப்பில் ஃபவுல் என்றால் ஆட்டமே போச்சு. நான் என்ன பேசுவது?

ஜெயிக்கிற ஜோடியில் ஒருத்தனுக்கு அந்த கிளப்பில் மார்க்கர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஸ்கோர் எழுதிக்கொண்டு, மெம்பர்களுக்கு ஆள் இல்லாதபோது அவர்களோடு ஆடிக்கொண்டு, அங்கேயே தங்கிக்கொண்டு, நல்ல டேபிளில் நாள் முழுக்க. அந்த ஒருத்தன் யார் என்று கேம்ப் ரோட்டுக்கே தெரியும். உனக்குக் கடை இருந்தது. எனக்குக் கானத்தூர் குப்பத்தில் அப்பாவின் போட் இருந்தது. அதில் ஏற மாட்டேன் என்று சொல்லித்தான் உன் கூட ஆடிக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா துணி காயப்போட்டுக்கொள்ளட்டும். இனிமேல் எழுத வேண்டாம்.

க்யூ நுனியில் டிப் இருக்கிறதா?

ஹேமநாத்

*

செம்பாக்கம்,
29.4.2007

ஹேமநாத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் அதற்குக் கீழேயே கேள்வி கேட்டிருக்கிறாய். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா, அது மரியாதை இல்லையே.

டிப் இல்லை. அந்தத் தோல் இருந்த இடத்தில் தாயாரம்மாள், அதுதான் கண்டக்டரின் வீட்டம்மா, நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் மூடியை மாட்டி வைத்திருக்கிறார். துணியில் கறை படக் கூடாதாம்.

அவருக்கு வேறு கோல் கொடுத்துவிட்டு இதை வாங்கலாம் என்று முயற்சி செய்தேன். முதலில் மூங்கில் கொண்டுபோனேன். "பந்தக்கால் நடவா வந்தே?" என்று கேட்டார். அடுத்து அலுமினியக் குழாய். வெள்ளை வேட்டியில் கருப்புத் தீற்றல். பிறகு பிளாஸ்டிக் குழாய். ஈரப் போர்வையைத் தூக்கியதும் அது வில்லாக வளைந்தது, போர்வை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் விழுந்தது, எடுக்கப் போனவன் நான். "இந்தக் கோல் கைக்கு அடக்கமா கீதுப்பா, வழுக்க மாட்டேங்குது" என்று நம் க்யூவைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சம்பந்தம் அண்ணன் பார்லரை மூடிவிட்டு அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்துவிட்டார். ஒரு டேபிளை நான் எடுத்து வந்து கடைக்குப் பின்னால் கொடவுனில் போட்டிருக்கிறேன். மூலையில் பள்ளம் விழுமே, பீச்சாங்கைக்காரன் நீ அடித்துக் காப்பாற்றுவாயே, அதே டேபிள். சுற்றிலும் பெயின்ட் டிரம். சாயங்காலம் ஆட ஆட்கள் வருவார்கள். பொழுது போகிறது.

ஃபைனலைப் பற்றி எழுதாமல் விட்டேன் என்றாய். என்ன எழுதுவது? ஃபவுல் என்றால் ஃபவுல். விதி என்று ஒன்று இருக்கிறது, ஜோடிக்கு ஒரு விதி ஊருக்கு ஒரு விதி என்று ஆட முடியாது. அன்றைக்கு நான் கொடுத்த சட்டை உனக்குத் தொளதொளவென்று இருந்தது, இன் பண்ணிக்கொள் என்று மூன்று தடவை சொன்னேன். கேட்டாயா?

நவம்பரில் அஞ்சலிக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள் என்று பாப்பா அம்மா சொன்னார். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். நீ வருவாய் அல்லவா? வந்தால் பொழிச்சலூர் பக்கத்தில்தானே ஏர்போர்ட்.

கங்காதரன்

*

ஃபுஜைரா,
2.6.2007

கங்காதரன்,

விதியாம். நீ கடையில் உட்கார்ந்துகொண்டு விதி பேசலாம்.

என் வேலை என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கிற சின்ன போட். ஆறு பேர் இருக்கிறோம். தமிழ் பேசுகிறவன் நான் மட்டும். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தால் நிற்காது, இந்தப் பக்கம் உருண்டு அந்தப் பக்கம் வரும். முதல் வருஷம் நான் அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கூட இருப்பவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

கரையில் கப்பல்காரர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. அங்கே ஒரு டேபிள். நான் போய் ஓரமாக உட்காருவேன். ஒரு தடவை ஒருத்தன் ஆட வா என்று க்யூவை நீட்டினான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக அந்த கிளப்பில் எல்லோருக்கும் நான் ஆடத் தெரியாதவன்.

ஃபைனலுக்கு அப்புறம் ஒரு மாசம் வீட்டில் கிடந்தேன். அப்பா ஒருநாள்தான் பேசினார். "கோலப் புட்சிகினு திரிஞ்சியே, இன்னா ஆச்சி? வந்து கயித்தப் புடி." தசரதன் பையன் கடலுக்கு வர மாட்டானாம் என்று கேலி பேசிய குப்பத்தில் மறுநாள் காலையில் நான் போட்டைத் தள்ளினேன். அப்பா கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கூடத் தேவலை. இரண்டு வருஷம் கழித்து இந்த வளைகுடாவுக்கு வந்தேன், இங்கேயும் கயிறுதான்.

சட்டை பற்றி எழுதினாய். உன் சட்டை. ஏன் இன் பண்ணவில்லை என்று உனக்குத் தெரியுமா? பேன்ட் கொக்கி அறுந்துவிட்டது. ஊக்கு குத்தியிருந்தேன். பெங்களூர்க்காரர் கண்ணில் அது படக் கூடாது என்று சட்டையை வெளியே விட்டிருந்தேன். உன்னிடம் சொன்னால் பேன்ட்டும் கொடுப்பாய். அதற்குத்தான் சொல்லவில்லை.

ஆறு வருஷமாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நான் குனிந்தபோது நீ எனக்குப் பின்னால் நின்றாய். பந்து எனக்கு முன்னால், என் உடம்பு மறைத்துக்கொண்டு. நிஜமாகவே பார்த்தாயா?

ஆமாம் அல்லது இல்லை. கதை வேண்டாம்.

ஹேமநாத்

*

செம்பாக்கம்,
9.7.2007

ஹேமநாத்,

இல்லை.

இதை எழுத மூன்று வாரம் ஆனது. ஆமாம் என்று எழுதி ஒரு கடிதம் ஒட்டிக்கூட வைத்திருந்தேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

நான் பார்க்கவில்லை. உன் முதுகைத்தான் பார்த்தேன். என் சட்டை உன் முதுகில் காற்று அடைத்த மாதிரி உப்பியிருந்தது. கறுப்பு விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெரியவர் எழுந்தார். சம்பந்தம் அண்ணன் கை தட்டினார். எனக்கு அந்த ஒரு நொடியில் தோன்றியதெல்லாம், அடுத்த வாரம் இவன் பெங்களூரில் இருப்பான் என்பதுதான்.

கதை வேண்டாம் என்றாய். ஆனாலும் இதைக் கேள். நம் இரண்டு பேரில் ஆட்டக்காரன் நீ. நான் உனக்குப் பந்தை வாகாக வைத்துக் கொடுப்பவன். எனக்கு அதிலேயே சந்தோஷமாக இருந்தது. காலையில் பாப்பா அம்மாவோடு நீ கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாய், கூடையை இறக்கிவிட்டு நேரே பார்லருக்கு வருவாய், நான் கதவடியில் நிற்பேன். எனக்கு நாளே அப்போதுதான் ஆரம்பிக்கும். அது இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஃபவுல் என்று சொன்ன குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு ஆட்டம்தானே போகும், வேலை போகும், ஆள் இங்கேயே இருப்பான் என்று கணக்குப் போட்டேன். ஆளும் போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பார்த்தாயா என்று அங்கேயே கேட்டிருந்தால், நான் உடைந்திருப்பேன். நீ ஒன்றும் சொல்லாமல் க்யூவை எடுத்துக்கொண்டு படி இறங்கினாய். நீ ஏன் வாதாடவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். கொடவுனுக்கு ஆட யாரும் வருவதில்லை.

உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, கேட்டால் நீ கொடுத்துவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. எழுது. திட்டியாவது எழுது.

கங்கா

*

செம்பாக்கம்,
22.10.2007

ஹேமநாத்துக்கு,

மூன்றரை மாசம் ஆகிறது. உன் போட் ஐந்து தடவையாவது கரைக்கு வந்திருக்கும்.

அஞ்சலி மஞ்சள் தடவிய பத்திரிகையோடு கடைக்கே வந்தாள். "கண்டிப்பா வரணும்ணா, அண்ணனும் வருது" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. நீ வரச் சொன்னால்தான் வருவேன். நீ பார்த்துக்கொண்டிருக்கும் பந்தலில் வந்து உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நவம்பர் பதினைந்துக்குள் ஒரு வரி வந்தால் வருகிறேன். வராவிட்டால் புரிந்துகொள்கிறேன்.

பக்தவச்சலம் சாரிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கங்கா

*

கானத்தூர்,
25.11.2007

மச்சான்,

இந்தக் கடிதம் தபாலில் வராது. மத்தியானம் ஃப்ளைட். போகிற வழியில் உன் கடைப் பையனிடம் இதையும், கூடவே துணி சுற்றிய ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போகிறேன். துணியைப் பிரிக்காமலே உனக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு நீ வரவில்லை. நான் வரி எழுதவில்லை, நீ எப்படி வருவாய்? ஆனாலும் பந்தி பரிமாறிக்கொண்டே வாசலைப் பார்த்தேன். அம்மா, "யாரத் தேடுற?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

போன திங்கட்கிழமை பொழிச்சலூர் போனேன். கையோடு ஒரு சவுக்குக் கம்பு கொண்டுபோயிருந்தேன். எங்கள் பக்கத்துத் தோப்பில் வெட்டி, பட்டை உரித்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, இரண்டு நாள் தேய்த்தது. தாயாரம்மாள் ஒரு பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார். "இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல, அந்தப் பையன் இன்னான்னாவோ தூக்கிகினு வந்தான்" என்றார். உன்னைத்தான்.

பக்தவச்சலம் கேள்வியைக் கேட்டார். "எந்த சீட்ல உக்காந்துகினு வந்தே?" உட்காரவில்லை, பின்படியில் நின்றுகொண்டு வந்தேன், க்யூவைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் மூலையில் சாத்தி வைத்தேன் என்றேன். அவர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். தொலைக்கவில்லை, விட்டுவிட்டுத்தான் போனேன் என்று சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. கூப்பிட்டபோது நான் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கினேனாம்.

அங்கிருந்து நேரே உன் கடைக்கு வந்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கடையில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துச் சந்து வழியாகக் கொடவுன் ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

நீ ஆடிக்கொண்டிருந்தாய். வலது கையில் ஒரு அடி. பிறகு டேபிளைச் சுற்றி வந்து, க்யூவை மாற்றிப் பிடித்து, இடது கையில் ஒரு அடி. இவன் எதற்கு இப்படிக் கஷ்டப்படுகிறான் என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது தடவை மாற்றியபோதுதான் புரிந்தது. என் முறையை நீ என் கையில் ஆடிக்கொண்டிருந்தாய். ரொம்ப மோசமாக ஆடினாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புக்குக் குனிந்தபோது உன் சட்டை நுனி ஒரு பந்தில் உரசியது. ஜன்னலில் நின்ற எனக்கே தெரிந்தது. நீ அடிக்காமல் நிமிர்ந்தாய். யாரும் இல்லாத கொடவுனில் கையைத் தூக்கி "ஃபவுல்" என்று வாய்விட்டுச் சொன்னாய். பிறகு பந்துகளை எடுத்து மறுபடி அடுக்கினாய்.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மச்சான், அன்றைக்குப் பட்டது.

நீ பார்க்கவில்லை, சரி. பொய்தான் சொன்னாய், சரி. ஆனால் பட்டது. எதிர் ஜோடியின் அஞ்சாம் நம்பர் பந்து. உன் சட்டையின் முன்பக்கம் தொங்கி அதில் உரசியதை நான் வயிற்றில் உணர்ந்தேன். பந்து ஒரு நெல்லளவு நகர்ந்தது. நிமிர்ந்து சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பெங்களூர்க்காரரின் செருப்பு கண்ணில் பட்டது. அடித்துவிட்டேன்.

நான் ஏன் வாதாடவில்லை என்று கேட்டாயே, இதுதான். நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது என் ஜோடியே என்று அவமானமாக இருந்தது. பஸ் ஏறுவதற்குள் அந்த அவமானத்தை எடுத்து உன் மேல் கோபமாகப் போட்டுக்கொண்டேன். சுலபமாக இருந்தது.

பார்த்தாயா என்று கேட்டு எழுதினேனே, நீ ஆமாம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். நீ இல்லை என்று எழுதினாய். படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பார்க்காமல் சொன்ன நீ கெட்டவன், நான் நல்லவன். நாலு மாசம் அந்தச் சந்தோஷத்தை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். உனக்குப் பதில் போட்டால் அது போய்விடும், அதனால்தான் போடவில்லை. அந்த ஜன்னலில் நின்றபோது அது போய்விட்டது.

உள்ளே வந்திருக்கலாம். வந்திருந்தால் நீ மன்னிப்புக் கேட்பாய், நான் பேசாமல் நின்று வாங்கிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும். ஆறு வருஷம் வாங்கிக்கொண்டது போதும் என்று வந்த வழியே போய்விட்டேன். அப்புறம் ஆறு நாள் இருந்தது. கேம்ப் ரோடு வரைக்கும் இரண்டு தடவை வந்து திரும்பினேன்.

என் வாழ்க்கையை நீ கெடுக்கவில்லை. அதை எடுத்துக்கொள். க்யூவையும் எடுத்துக்கொள். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

ஹேமா

*

செம்பாக்கம்,
5.12.2007

ஹேமா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு வண்டியை எடுத்தேன். பல்லாவரம் வரைக்கும்தான் போனேன். மத்தியானம் என்று மட்டும்தான் எழுதியிருந்தாய், எத்தனை மணிக்கு, எந்த ஃப்ளைட் என்று தெரியாது. ரோட்டோரம் நின்று தலைக்கு மேல் போன விமானத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா, கண்ணில் தூசியா என்று கேட்டார். பெயின்டில் கலக்கும் தின்னர் நெடி என்று சொன்னேன். பெயின்ட் கடையில் இருப்பதில் அது ஒரு வசதி.

க்யூவை டேபிள் மேல் உருட்டிப் பார்த்தேன். வளைந்துபோய்த் தாளம் போடுகிறது. ஆறு வருஷம் ஈரத்துணி தூக்கினால் நானும் நீயும் கூட அப்படித்தான் ஆவோம். ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டுப் புது டிப் ஒட்டினேன். டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

பட்டது என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சொன்னது பொய்தான், நிஜம் என்று எனக்குத் தெரியாமல் சொன்ன பொய். அதை நான் வைத்துக்கொள்கிறேன், உன்னுடையதை நீ வைத்துக்கொள். ஆனால் நீ இரண்டு தடவை கேம்ப் ரோடு வரை வந்தாய், நான் அந்த ஆறு நாளும் கடையில்தான் இருந்தேன் என்பதை நினைத்தால், ராஸ்கல், உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

இனிமேல் உன் முறையை நானாக ஆட மாட்டேன். பழக்கத்தில் நேற்று க்யூவை இடது கைக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கீழே வைத்துவிட்டேன்.

அதனால் இப்படி. பெயின்ட் நிறங்கள் போட்ட ஷேடு கார்டின் பின்பக்கத்தில் டேபிளை வரைந்து அனுப்பியிருக்கிறேன். வெள்ளைப் பந்து, அஞ்சாம் நம்பர், கறுப்பு, மூன்றும் அன்றைக்கு இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. எனக்கு இடம் மறக்கவில்லை, தவறாக இருந்தால் திருத்தி அனுப்பு. எங்கே அடிக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் என்று எழுது. நீ சொன்னபடி அடிக்கிறேன், அடித்ததை உள்ளபடி எழுதுகிறேன். அதுவரைக்கும் டேபிள் மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தொட யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லியிருக்கிறேன்.

உன் போட் கரைக்கு வர எத்தனை வாரம் ஆனாலும் சரி.

கங்கா

*

ஃபுஜைரா,
3.1.2008

மச்சான்,

அஞ்சாம் நம்பர் இன்னும் நாலு விரல் விளிம்புப் பக்கம். கறுப்பு சரி. வெள்ளை சரி.

வெள்ளையின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடி. மெதுவாக. வேகமாக அடித்தால் அந்த மூலைப் பள்ளம் கெடுத்துவிடும். க்யூ கோணல் என்பதால் வளைவு மேல்பக்கம் வரும்படி பிடித்துக்கொள். என் முறை, அதனால் பீச்சாங்கையில்தான் அடிக்க வேண்டும்.

போன வாரம் கிளப்பில் ஒருத்தன் க்யூவை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். ஒரு பந்தும் விழவில்லை. பாவம், ஆடத் தெரியாதவன்தான் என்று அவன் நம்பிவிட்டான்.

விழுந்ததா என்று எழுது. இங்கே எனக்கு வேறு தபால் இல்லை.

குனிவதற்கு முன்னால் சட்டையை இன் பண்ணிக்கொள்.

ஹேமா